பாரிஸ் மணி ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டுகிறதா? கோடை நேரக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, குளிர்காலத்தில் பழையபடி பின்னே வைப்பதுதான் கோடை நேரம். இந்தியாவில் இப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை. ஆனால் புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனையோ அலுவலகங்கள் அப்படித் திருப்புகிற ஊர்களின் நேரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. பிரெஞ்சு கம்பெனிக்குக் கணக்கு எழுதும் லாஸ்பேட்டை அலுவலகம், பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு டிக்கெட் போடும் மிஷன் வீதி டிராவல்ஸ், அமெரிக்க டாக்டர்களின் டிக்டேஷனைத் தட்டச்சு செய்யும் ரெட்டியார்பாளையம் நைட் ஷிப்ட், ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் கடலூர் சிப்காட் ஆபீஸ் என்று நீளும் பட்டியல் அது. மார்ச்சிலும் அக்டோபரிலும் இவர்களிடமிருந்து வரும் போன் ஒன்றுதான்: “சார், சிஸ்டத்துல மணி தப்பாக் காட்டுது.”

இதைக் கேட்டதும் கடிகாரத்தைக் கையால் நகர்த்தாதீர்கள். இந்த வழிமுறையை எழுதுவதற்கே முக்கியக் காரணம் அதுதான். கம்ப்யூட்டர் உள்ளுக்குள் கணக்கு வைப்பது யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். திரையில் தெரிவது, அந்த யூடிசியோடு ஒரு விதி அட்டவணையைச் சேர்த்துப் போட்ட கணக்கு. பாரிஸுக்குக் குளிர்காலத்தில் ஒரு மணி கூட்டு, கோடையில் இரண்டு மணி கூட்டு, மாறும் நாள் இது என்று எல்லா ஊருக்கும் அந்த அட்டவணையில் எழுதியிருக்கும். கடிகாரம் நிமிஷம் பிசகாமல் ஓடலாம். கையில் இருப்பது பழைய வருஷத்துப் பஞ்சாங்கம் என்றால் நாள் தப்பத்தான் செய்யும். புகார்களில் பெரும்பாலானவை அட்டவணைக் கோளாறுகள், கடிகாரக் கோளாறுகள் அல்ல.

கடிகாரத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் யூடிசியும் கெட்டுப்போகும். அதன் பிறகு அத்தென்டிகேட்டர் ஆப் தரும் ஆறு இலக்க எண்ணை எந்தத் தளமும் ஏற்காது, ஏனென்றால் அந்த எண் யூடிசியை வைத்துத்தான் உருவாகிறது. பிரவுசர் சான்றிதழ் பிழை காட்டத் தொடங்கலாம். எல்லா மெஷினும் ஒரே சர்வர் வழியாக உள்ளே நுழையும் டொமைன் லாகின் உள்ள ஆபீஸ்களில் சர்வருக்கும் மெஷினுக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளேயே விடாது. ஒரு புகாரைத் தீர்க்கப் போய் மூன்று புகார் சேரும்.

முதலில் வித்தியாசத்தை அளவெடுங்கள்

எத்தனை மணி நேரம் தப்பு என்று சரியாகக் கேளுங்கள். “கொஞ்சம் தள்ளிக் காட்டுது” என்பது போதாது. வித்தியாசத்தின் அளவே பாதி நோயைச் சொல்லிவிடும்.

சரியாக ஒரு மணி நேரம் என்றால் கோடை நேர விதி. ஐந்தரை மணி நேரம் என்றால் எங்கேயோ யூடிசியை இந்திய நேரம் என்றோ, இந்திய நேரத்தை யூடிசி என்றோ படித்திருக்கிறார்கள். மூன்றரை அல்லது நான்கரை மணி என்றால் பாரிஸ் நேரம் மாற்றப்படாமல் அப்படியே வந்திருக்கிறது. கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நான்கரை. ஒன்பதரை அல்லது பத்தரை என்றால் நியூயார்க். இரண்டரை மணி முன்னால் காட்டினால் சீன நேரத்தில் செட் செய்து வந்த கருவி. அரை மணி மட்டும் தப்பு என்றால் யாரோ நம் ஐந்தரையை ஐந்தாகவோ ஆறாகவோ ரவுண்ட் செய்து எழுதிய புரோகிராம்.

ஒன்றிரண்டு நிமிஷமோ ஏழெட்டு நிமிஷமோ தப்பு என்றால் அது விதி விவகாரமே இல்லை. நெட்வொர்க் நேர ஒத்திசைவு நின்றிருக்கும், அல்லது மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். அங்கே நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் என்டிபி சர்வரைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு, தங்கள் கணினிகளை இணைக்க வேண்டும் என்கிறது. இந்திய நேரத்தைப் பராமரிப்பதே அந்த ஆய்வகம்தான்.

அளவெடுத்த பிறகு இன்னொரு கேள்வி: எப்போதெல்லாம் தப்பு? வருஷம் முழுக்கவா, கோடையில் மட்டுமா, சில வாரங்கள் மட்டுமா? மீதிப் பாதியை இந்தப் பதில் சொல்லும்.

அறிகுறி: வருஷம் முழுக்கப் பாரிஸ் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கிறது

விண்டோஸில் நேர மண்டலப் பட்டியலைத் திறந்தால் பிரஸ்ஸல்ஸ், கோபன்ஹேகன், மாட்ரிட், பாரிஸ் என்று ஒரு வரி இருக்கும். அதன் முன்னால் யூடிசி பிளஸ் 01:00 என்று போட்டிருக்கும். கோடையிலும் அப்படியேதான் இருக்கும். அந்த எண் குளிர்கால அடிப்படை மட்டும். கோடைக் கணக்கு உள்ளே தானாக நடக்கிறது. இது தெரியாமல் ஜூன் மாதத்தில் யாராவது திறந்து பார்ப்பார்கள். “அண்ணே, பாரிஸ் இப்போ பிளஸ் ரெண்டுதானே, இதுல பிளஸ் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு, அதான் பிளஸ் ரெண்டுல ஒண்ண எடுத்து வச்சேன்” என்பார்கள். எடுத்து வைத்தது ஹெல்சிங்கி இருக்கும் வரி. ஹெல்சிங்கியும் கோடையில் ஒரு மணி கூட்டும் ஊர் என்பதால் ஜூனில் பிளஸ் மூன்று, ஜனவரியில் பிளஸ் இரண்டு. வருஷம் பூரா பாரிஸைவிட ஒரு மணி அதிகம்.

திரும்பப் பாரிஸ் வரியைத் தேர்ந்தெடுங்கள், கோடை நேரத்துக்குத் தானாக மாறும் பொத்தான் ஆனாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: குளிர்காலத்தில் சரி, கோடை முழுக்க ஒரு மணி நேரம் குறைவு

கோடை நேரமே இல்லாத மண்டலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். லண்டனுக்கு ரெய்க்யாவிக் இருக்கும் வரி, பாரிஸுக்கு மேற்கு மத்திய ஆப்பிரிக்கா வரி, இவை இரண்டும் வழக்கமாக மாட்டுபவை. குளிர்காலத்தில் எண் ஒன்றாகவே இருப்பதால் அக்டோபர் கடைசியில் செட் செய்து மார்ச் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

புரோகிராம் எழுதுபவர்களிடம் இதே தப்பு வேறு உருவத்தில் வரும். நியூயார்க்குக்கு ஈஎஸ்டி (அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம்) என்று மூன்றெழுத்தை எழுதி வைப்பார்கள். அது மைனஸ் ஐந்திலேயே நிற்கும், மார்ச்சில் மாறாது. எழுத வேண்டியது அமெரிக்கா/நியூயார்க் என்ற முழுப் பெயர். பாரிஸுக்கு யூரோப்/பாரிஸ். மூன்றெழுத்துச் சுருக்கங்களை எந்த கான்பிக் (அமைப்பு விவரக்) கோப்பிலும் விட்டுவைக்காதீர்கள். இந்திய நேரத்தைக் குறிக்கும் நம் ஐஎஸ்டி என்ற சுருக்கமே அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொது.

ஈடிசி/ஜிஎம்டி என்று தொடங்கும் மண்டலங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அவற்றில் கூட்டல் கழித்தல் குறி தலைகீழ். ஈடிசி/ஜிஎம்டி பிளஸ் 1 என்றால் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் பின்னால். அதைப் பாரிஸ் என்று நினைத்துப் போட்டால் குளிர்காலத்தில் இரண்டு மணி, கோடையில் மூன்று மணி தப்பும்.

அறிகுறி: மார்ச்சில் சில வாரம், அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் மட்டும் தப்பு

அமெரிக்க நேரம் பார்க்கும் ஆபீஸ்களில் இது வந்தால் காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, கோளாறே இல்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும். திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. 2026இல் அமெரிக்கா மார்ச் 8, ஐரோப்பா மார்ச் 29. பிறகு ஐரோப்பா அக்டோபர் 25, அமெரிக்கா நவம்பர் 1. இடைப்பட்ட நாட்களில் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான ஆறு மணிக்குப் பதில் ஐந்து மணிதான் வித்தியாசம். “பாரிஸ் நேரத்தில் ஆறு கழித்தால் நியூயார்க்” என்று எக்செல்லில் எண்ணைப் போட்டு வைத்த ஷீட்கள் எல்லாம் இந்த வாரங்களில் பொய் சொல்லும்.

இரண்டாவது, மெஷினில் இருப்பது 2007க்கு முந்தைய அமெரிக்க விதி. அதுவரை அமெரிக்கா ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிக்கும். 2005இல் போட்ட எரிசக்திச் சட்டம் அதை நீட்டியது. 2007 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அன்று அப்டேட் செய்யாமல் விட்ட கருவிகள் மூன்று நான்கு வாரம் தாமதமாக மாறின. இன்றும் பழைய ஐபி போன் பெட்டி, வாய்ஸ் ரெக்கார்டர், ஏதோ மூலையில் ஓடும் பழைய ஜாவா என்று அந்த விதியோடு இருப்பவை கண்ணில் படுகின்றன. ஏப்ரல் பிறந்ததும் தானாகச் சரியாகிவிட்டால் நோய் இதுதான். சரியாகிவிட்டதே என்று விட்டுவிட்டால் அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் மறுபடி வரும்.

அறிகுறி: டாஸ்க்பாரில் மணி சரி, மென்பொருளுக்குள் தப்பு

இங்கேதான் நிறைய நேரம் போகும், ஏனென்றால் ஒரே மெஷினில் விதி அட்டவணை ஒன்று அல்ல, பல இருக்கும்.

உலகம் முழுக்கப் பெரும்பாலான மென்பொருள்கள் பயன்படுத்தும் அட்டவணையின் பெயர் டிஇசட்டேட்டா. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எக்கர்ட் ஒருங்கிணைத்து வரும் தொகுப்பு அது. 2011 முதல் இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் கீழ் வெளியாகிறது. எந்த நாடாவது விதியை மாற்றினால் வருஷத்தோடு ஓர் எழுத்து சேர்த்து 2024ஏ, 2024பி, 2025ஏ என்று புதுப் பதிப்பு வரும். லினக்ஸ் தன் பிரதியை வைத்திருக்கும். ஜாவா தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கும், லினக்ஸுடையதைப் பார்க்காது. பிஎச்பியும் அப்படியே. பைத்தானில் பைடிஇசட் நூலகம் தன் பிரதியோடு வரும். புதிய ஜோன்இன்ஃபோ சிஸ்டத்துடையதைப் படிக்கும். நோட் ஜேஎஸ்ஸுக்குள் ஐசியு வழியாக ஒன்று, அதன் மேல் மொமென்ட் டைம்ஜோன் போட்டிருந்தால் இன்னொன்று. புரோகிராமைத் தனிப் பெட்டியில் (கன்டெய்னர்) அடைத்து ஓட்டும் டாக்கரில் ஓடினால் ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் தனித்தனி. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸை வைத்துச் செய்த கன்டெய்னரில் டிஇசட்டேட்டா பேக்கேஜை நீங்களே போடவில்லை என்றால் இருக்கவே இருக்காது. விண்டோஸ் இது எதிலும் சேராமல் தன் சொந்த அட்டவணையை ரிஜிஸ்ட்ரியில் வைத்து மாத அப்டேட் வழியாகப் புதுப்பிக்கும்.

எந்த அட்டவணை பழசு என்று கண்டுபிடிக்க நான் நம்பும் வழி, பதிப்பு எண்ணைத் தேடாமல் அந்த மென்பொருளிடமே கணக்குக் கேட்பது. அண்மையில் விதி மாறிய நாடுகளே நமக்கு உரைகல். யூடிசி பகல் 12 மணியை, அதாவது நம் மாலை 5.30ஐ, மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஜூலை 1, 2026, மெக்சிகோ சிட்டி: காலை 6 வர வேண்டும். 7 வந்தால், மெக்சிகோ 2022 அக்டோபரில் கோடை நேரத்தை ஒழித்ததே அந்த அட்டவணைக்குத் தெரியாது.

ஜனவரி 1, 2026, ஜோர்டான் தலைநகர் அம்மான்: பிற்பகல் 3. 2 வந்தால் இதுவும் 2022 மாற்றத்துக்கு முந்தையது.

ஜூலை 1, 2026, கெய்ரோ: பிற்பகல் 3. 2 வந்தால், எகிப்து 2023 ஏப்ரலில் கோடை நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது சேரவில்லை.

எந்த நாளானாலும், 2024 மார்ச்சுக்குப் பின், அல்மாட்டி: மாலை 5. 6 வந்தால், கஜகஸ்தான் நாடு முழுக்க ஒரே நேரத்துக்கு வந்தது தெரியாத அட்டவணை.

ஜூலை 1, 2026, பராகுவேயின் அசுன்சியோன்: காலை 9. 8 வந்தால், 2024 அக்டோபரில் அந்த நாடு கோடை நேரத்தையே நிரந்தரமாக்கியது வரவில்லை.

நமக்கும் பராகுவேக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே தப்பிய அட்டவணை, நாளை பாரிஸ் விதி மாறினால் பாரிஸிலும் தப்பும். எங்கே தப்பியது என்பதை வைத்து, எந்த வருஷத்தோடு அப்டேட் நின்றுபோனது என்று சொல்லிவிடலாம்.

லினக்ஸில் டிஇசட்டேட்டா பேக்கேஜை அப்டேட் செய்யுங்கள். இசட்டம்ப் கட்டளைக்கு வி ஆப்ஷனும் மண்டலப் பெயரும் கொடுத்தால் மாறும் தருணங்கள் எல்லாம் வரிசையாக வரும், கண்ணால் சரிபார்க்கலாம். ஜாவாவுக்கு ஆரக்கிள் தரும் டிஇசட் அப்டேட்டர் உண்டு. முடிந்தால் ஜாவாவையே புதுப்பிப்பது நல்லது. மையெஸ்க்யூஎல் டேட்டாபேஸில் நேர மாற்றம் கேட்டால் NULL (வெற்று) என்று மட்டும் வந்தால் மண்டல அட்டவணைகளை யாரும் ஏற்றவே இல்லை என்று பொருள். அதற்கென்று கூடவே வரும் டிஇசட்இன்ஃபோ கருவியை ஓட்டி ஏற்றுங்கள். அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி ஓட்ட வேண்டும்.

அப்டேட் முடிந்ததும் அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான புரோகிராம்கள் தொடங்கும்போது ஒருமுறை அட்டவணையைப் படித்து மனதில் வைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் புது அட்டவணை இருந்தும், மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் சர்வர் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். “அப்டேட் போட்டாச்சு சார், ஆனா மாறல” என்ற புகாரின் காரணம் அநேகமாக இதுதான்.

விண்டோஸ் 7 மெஷின்களுக்கு 2020 ஜனவரியோடு வழக்கமான அப்டேட் நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அவற்றில் ஓடும் ஆபீஸ்களுக்கு இனி வரும் விதி மாற்றம் தானாக வந்து சேராது என்று நினைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் 10ஆம் பதிப்பு முதல் நேர விதிகளைத் தனியாகப் புதுப்பிக்கும் வசதி வந்தது. அதற்கு முந்தையவற்றில் போன் தயாரித்த கம்பெனி அப்டேட் தந்தால்தான் உண்டு.

அறிகுறி: மண்டலப் பெயரே தெரியாது என்று எரர் வருகிறது

உக்ரைன் தலைநகர் கீவின் ஆங்கிலப் பெயர் 2022இல் டிஇசட்டேட்டாவில் Kiev என்பதிலிருந்து Kyiv என்ற புது எழுத்துக்கூட்டலுக்கு மாறியது. பழைய அட்டவணைக்கு அது புரியாது. நம் ஊருக்கே ஆசியா/கல்கத்தா, ஆசியா/கொல்கத்தா என்று இரண்டு பெயர் உண்டு. விதி ஒன்றேதான். ஆனால் குரோம் பிரவுசர் பழைய பெயரை அனுப்ப, சர்வர் புதுப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் “ஆதரிக்கப்படாத மண்டலம்” என்று நிற்கும். ஒப்பிடுவதை நிறுத்தி, இரண்டையும் ஏற்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: பாரிஸ் மீட்டிங் திடீரென்று ஒரு மணி நேரம் நகர்ந்துவிட்டது

வாராவாரம் வரும் மீட்டிங், அதைப் போட்டவரின் மண்டலத்தோடு கட்டப்பட்டிருக்கும். பாரிஸில் இருப்பவர் காலை 10 மணிக்குப் போட்டிருந்தால் குளிர்காலத்தில் நமக்குப் பகல் 2.30, கோடையில் 1.30. காலண்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. சாப்பாட்டு நேரத்தில் வந்து விழுவதால் நமக்குத் தப்பாகத் தெரிகிறது. நீங்கள் இந்திய நேரத்தில் போட்டிருந்தால் நகர்வது அங்கே இருப்பவருக்கு.

இதில் திருத்த வேண்டியது கணினியை அல்ல. யாருடைய கடிகாரம் நிலையாக இருக்க வேண்டும் என்று இரு பக்கமும் பேசி முடிவு செய்து, அவர் பெயரில் மீட்டிங்கைப் போடுங்கள். நியூயார்க் வேலை நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை என்றால் நம் ஷிப்ட் குளிர்காலத்தில் இரவு 7.30க்கு, கோடையில் மாலை 6.30க்குத் தொடங்கும். அதை ஆட்களுக்குச் சொல்வதோடு வேன் டிரைவருக்கும் கேன்டீனுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாறும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை ராஜீவ் காந்தி சிக்னலில் ஆட்கள் வேனுக்குக் காத்து நிற்பதைக் கணினி அப்டேட் எதுவும் தடுக்காது.

அறிகுறி: ஞாயிறு காலை ஒரு வேலை ஓடவே இல்லை, அல்லது இரண்டு தடவை ஓடியது

ஐரோப்பா முழுக்க மாற்றம் நடப்பது யூடிசி அதிகாலை 1 மணிக்கு. புதுச்சேரியில் அது ஞாயிறு காலை 6.30. மார்ச்சில் அந்தத் தருணம் பாரிஸ் கடிகாரம் 2இலிருந்து நேராக 3க்குத் தாவும். பாரிஸ் நேரம் 2.30க்கு என்று வைத்த பேக்கப்புக்கு அன்று 2.30 என்று ஒரு நேரமே இருக்காது. அக்டோபரில் 3 மணி ஆனதும் திரும்ப 2. நம் காலை 5.30 முதல் 6.30 வரை ஓடிய அதே பாரிஸ் மணி, 6.30 முதல் 7.30 வரை மறுபடி ஓடும். இன்வாய்ஸ் இரண்டு தடவை போகும். நேரத்தையே சாவியாக வைத்த டேட்டாபேஸ் அட்டவணை “ஏற்கெனவே உள்ளது” என்று பதிவைத் திருப்பித் தள்ளும். லாக் கோப்பில் பின்னால் நடந்தது முன்னால் தெரியும்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், மூன்று மணிக்குக் குறைவான இப்படிப்பட்ட தாவலைப் பார்த்தால் விட்டுப்போன வேலையை உடனே ஓட்டும், ஓடிய வேலையை மறுபடி ஓட்டாது. ஆனால் சொந்தமாக எழுதிய ஷெட்யூலர்களை அப்படி நம்ப முடியாது. சர்வரை யூடிசியில் வையுங்கள். உள்ளூர் நேரத்தில் ஓடியே ஆக வேண்டிய வேலைகளைப் பாரிஸ் நேரம் 2க்கும் 3க்கும் நடுவில் வைக்காதீர்கள். ஷிப்ட் மணிக் கணக்கையும் யூடிசி வித்தியாசத்தில் போடுங்கள். பாரிஸ் கடிகாரத்தில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் மார்ச் சனி இரவு எட்டு மணி நேரம் உழைத்தவருக்கு ஒன்பது என்று வரும், அக்டோபரில் ஏழு என்று வரும். அக்டோபரில் குறைவது அவர் சம்பளம்.

அறிகுறி: விதி மாறியதும் முன்பே பதிந்த அப்பாயின்ட்மென்ட்கள் எல்லாம் ஒரு மணி தள்ளின

அட்டவணை புதிது, சர்வரும் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது, இன்று பதியும் புக்கிங் சரி. ஆனால் மூன்று மாதம் முன் பதிந்தவை தப்பு. இதுதான் இருப்பதில் கடினமானது, அப்டேட் செய்து தீராதது.

பாரிஸில் இருக்கும் மகள் முத்தியால்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்காக வீடியோ கன்சல்டேஷன் புக் செய்கிறார், தன் நேரம் காலை 9 மணிக்கு என்று. சாப்ட்வேர் அதை அன்றைய விதிப்படி யூடிசிக்கு மாற்றி, அந்த யூடிசியை மட்டும் சேமிக்கிறது. நடுவில் பிரான்ஸ் விதி மாறினால்? சேமித்த யூடிசி மாறாது. திரும்பப் பாரிஸ் நேரத்துக்கு மாற்றும்போது 8 என்றோ 10 என்றோ காட்டும். அவர் சொன்ன 9 மணி எங்கேயும் பதிவாகவில்லை, எனவே கணினிக்கு அது தெரியவே வழியில்லை.

நடந்து முடிந்தவற்றுக்கு யூடிசி போதும். லாகின் நேரம், பணம் வந்த நேரம், பைல் ஏற்றிய நேரம் இனி மாறப்போவதில்லை. இனி நடக்கப்போவதற்கு மட்டும் அவர் சொன்ன உள்ளூர் நேரம், மண்டலத்தின் முழுப் பெயர், இரண்டையும் சேமிக்க வேண்டும். யூடிசியைத் தேடுவதற்கு வசதியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அட்டவணை மாறும்போதெல்லாம் அதைத் திரும்பக் கணக்கிட வேண்டும். புது மென்பொருள் வாங்கும்போது விற்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: எதிர்கால புக்கிங்கில் மண்டலப் பெயர் சேமிக்கப்படுகிறதா? பதில் இல்லை என்றால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

ஏற்கெனவே யூடிசி மட்டும் இருக்கும் டேட்டாவுக்கு ஒரே வழி: அட்டவணையை மாற்றும் முன், பழைய விதி இருக்கும்போதே, எதிர்கால புக்கிங் எல்லாவற்றையும் உள்ளூர் நேரத்தோடு ஒரு பட்டியலாக எடுத்து வையுங்கள். மாற்றிய பின் அதோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். வரிசை தவறி முதலில் அப்டேட் போட்டுவிட்டால் எது எந்த விதியில் பதிந்தது என்று பிரிக்கப் புக்கிங் செய்த தேதியை வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி: பிறந்த தேதி ஒரு நாள் குறைந்து வருகிறது

எல்லாருக்கும் குறைந்தால் காரணம் எளிது. பிறந்த தேதியை நள்ளிரவு நேரத்தோடு சேமித்து யூடிசிக்கு மாற்றியிருக்கிறார்கள். நம் நள்ளிரவு யூடிசியில் முந்தைய நாள் மாலை 6.30.

சில முதியவர்களுக்கு மட்டும் குறைந்தால் கவனியுங்கள். இந்திய நேரம் எப்போதும் ஐந்தரை என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஆறரை ஆக்கினார்கள்; டிஇசட்டேட்டாவில் 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை ஆசியா/கொல்கத்தா ஆறரைதான். இந்த வருஷங்களில் பிறந்த ஒருவரின் தேதியைப் பழைய வரலாறு தெரிந்த நூலகம் யூடிசியாக எழுத, வரலாறு தெரியாமல் எப்போதும் ஐந்தரை கூட்டும் இன்னொரு புரோகிராம் படித்தால் முந்தைய நாள் இரவு 11 மணி என்று வரும், தேதி ஒன்று குறையும். பிரான்ஸிலும் இதே கதை: போருக்குப் பின் விட்ட கோடை நேரத்தை 1976இல்தான் மறுபடி தொடங்கினார்கள். இன்றைய விதியை எல்லா வருஷத்துக்கும் போடும் மென்பொருளால் அதற்கு முந்தைய கோடைப் பிறப்புகள் இடறும்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர்கள் இருக்கும் ஊர் இது. ஒரு நாள் வித்தியாசத்துக்காக ஒரு பாட்டி வாழ்வுச் சான்றோடு அலையக் கூடாது. பிறந்த தேதிக்கு நேரமே வேண்டாம். டேட்டாபேஸில் வெறும் தேதி வகையாக மாற்றுங்கள்.

அறிகுறி: ரீயூனியன் தீவுக்குப் போன எஸ்எம்எஸ் தப்பான நேரத்தில்

பிரான்ஸ் என்றால் யூரோப்/பாரிஸ் என்று நாட்டின் பெயரை வைத்து மண்டலம் போடும் மென்பொருள். ரீயூனியனில் கோடை நேரம் இல்லை, வருஷம் முழுக்க யூடிசி பிளஸ் நான்கு, நமக்கு ஒன்றரை மணி பின்னால். குவாதலூப், மர்த்தினிக் இரண்டும் மைனஸ் நான்கு, அங்கேயும் மாற்றம் இல்லை. தமிழ் வம்சாவளியினர் இந்த மூன்று தீவுகளிலும் உண்டு. நாட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஊரைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: கடை கேமராவில் மார்ச் முதல் ஒரு மணி முன்னால்

கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரின் மெனுவில் டிஎஸ்டி (கோடை நேரம்) என்ற கட்டம் டிக் ஆகியிருக்கும். எடுத்துவிடுங்கள். இரண்டரை மணி வித்தியாசம் என்றால் மண்டலத்தைப் பிளஸ் 05:30 ஆக்குங்கள். வருகைப் பதிவு மெஷினுக்கும் இதேதான். திருட்டுப் புகாருக்குப் பதிவைக் கொடுக்க வேண்டியிருந்தால் திருத்தும் முன் பழைய நேரத்தையும் உண்மை நேரத்தையும் ஒரே போட்டோவில் எடுத்து வையுங்கள்.

விதி மாறப்போகிறது என்று செய்தி வந்தால்

2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் கோடை நேரத்தை ஒழிக்க வாக்களித்தது. உறுப்பு நாடுகள் ஒத்துப்போகாததால் அப்படியே நிற்கிறது. அமெரிக்க செனட் 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடை நேர மசோதாவை நிறைவேற்றியது, கீழவையில் நகரவில்லை. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்து எதையும் முன்கூட்டி மாற்றாதீர்கள். டிஇசட்டேட்டாவில் வரும் வரை காத்திருங்கள்.

ஆனால் அவகாசம் மாதக்கணக்கில் கிடைக்கும் என்றும் எண்ணாதீர்கள். 2023 மார்ச் 23 அன்று லெபனான் அரசு, அந்த வார இறுதியில் வரவேண்டிய மாற்றத்தை ரமலான் முடியும் வரை தள்ளிவைத்தது. எதிர்ப்பு கிளம்பி 27ஆம் தேதி முடிவைத் திரும்பப் பெற்று, 29ஆம் தேதி நள்ளிரவில் கடிகாரத்தை மாற்றினார்கள். இடையில் ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது.

உங்கள் ஆபீஸில் விதி அட்டவணை எங்கெங்கே இருக்கிறது என்று இன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: மெஷின், சர்வர், ஜாவா, டேட்டாபேஸ், கன்டெய்னர், போன் பெட்டி, கேமரா. ஒவ்வொன்றுக்கும் எதிரில் யார் அப்டேட் செய்வது, செய்ய முடியாவிட்டால் என்ன மாற்று என்று எழுதுங்கள். செய்தி உறுதியானதும் முதலில் எதிர்கால புக்கிங் பட்டியல், பிறகு அப்டேட், பிறகு ரீஸ்டார்ட்.

பரிசோதிக்க ஓடும் சர்வரின் கடிகாரத்தைத் தொட வேண்டாம். மார்ச் 28, 2026 நம் மாலை 5.30ஐப் பாரிஸுக்கு மாற்றச் சொன்னால் பகல் 1. மார்ச் 30க்கு 2. அக்டோபர் 24க்கு 2, 26க்கு 1. நியூயார்க்குக்கு மார்ச் 7 அன்று காலை 7. மார்ச் 9 அன்று 8. ஒவ்வொரு மென்பொருளிலும் இந்த ஆறு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கடிகாரம் தாவும் தருணத்தையே பார்க்க வேண்டும் என்றால் ஒரு விர்ச்சுவல் மெஷினில் நெட்வொர்க் நேரத்தை அணைத்து, மார்ச் 29 காலை 6.25க்கு வைத்து ஐந்து நிமிஷம் காத்திருங்கள்.

மாறும் ஞாயிறு அன்று காலை 5.30 முதல் 7.30 வரை லாக் பார்க்க ஒரு ஆளை உட்கார வையுங்கள். திங்கட்கிழமை முதல் பாரிஸ் அழைப்பு வருவதற்குள், அன்றைய அப்பாயின்ட்மென்ட்களில் முதல் மூன்று பேருக்கு போன் போட்டு, அவர்கள் கையில் இருக்கும் நேரமும் உங்கள் திரையில் இருக்கும் நேரமும் ஒன்றா என்று கேட்டுவிடுங்கள்.